வாடகைக்கு இருந்தவர் இறந்தபின் முற்பணத்தை மீட்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

வாடகை வீட்டில் குடியிருந்த ஒருவர் இறந்துவிட்டால், அவர் வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்து வைத்திருந்த முற்பணம் அவரோடு முடிந்துபோவதில்லை. அது வீட்டுக்காரர் இறந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன்; வாடகை நிலுவை, மின்சார நீர்க் கட்டணங்கள், உண்மையான சேதம் ஆகியவற்றைக் கழித்த மீதி இறந்தவரின் ஏனைய சொத்துகளைப் போலவே உரித்தாளர்களைச் சேரவேண்டும். இதில் சட்டச் சிக்கல் அதிகம் இல்லை. சிக்கல் வருவது, பணத்தை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியில்தான். இன்று மனைவியிடம் கொடுத்துவிட்டால் நாளை தாய் வந்து கேட்கலாம். தம்பியிடம் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் வந்து கேட்கலாம். பணத்தை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களில் ஒரு பகுதியினர் பேராசைக்காரர்களே என்றாலும், தவறான கையில் கொடுத்துவிட்டு இரண்டாம் முறையும் கொடுக்க நேருமோ என்று அஞ்சுபவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. ஆகவே அந்த அச்சத்தைக் காகிதத்தால் தீர்ப்பதே முதல் வேலை. அச்சம் தீர்ந்த பிறகும் தராதவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

கிழக்கில் இந்த விடயம் சற்றுக் கூடுதலாகச் சிக்கலாவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், வாடகைக்கு இருப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள்: இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், போதனா வைத்தியசாலைத் தாதியர், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுத்திருக்கும் மாணவர்கள். இவர்களில் ஒருவர் இறந்தால் உரித்தாளர்கள் யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ இருப்பார்கள். வீட்டுக்காரரோ பல வேளைகளில் லண்டனிலோ கனடாவிலோ இருப்பார், வாடகையை வாங்குபவர் அவருடைய மைத்துனராக இருப்பார். இருபுறமும் ஆள் நேரில் இல்லாத இடத்தில் வாய்ப்பேச்சை நம்பி எதையும் விட்டுவைக்கக் கூடாது.

முதலில் திரட்டவேண்டியவை

மரணத்தைப் பதிவு செய்வதே தொடக்கம். வீட்டில் நிகழ்ந்த மரணத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் அறிவித்து, அவருடைய அறிக்கையுடன் பதிவாளரிடம் ஐந்து நாட்களுக்குள் பதிந்துகொள்ள வேண்டும். வைத்தியசாலையில் நிகழ்ந்ததை அங்குள்ள பதிவாளர் பதிவார். விபத்தோ திடீர் மரணமோ என்றால் மரண விசாரணை அதிகாரியின் பத்திரம் வேண்டும். மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகளை ஒன்றோடு நிறுத்தாமல் பலவாக எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி, ஊழியர் சேமலாப நிதி, காப்புறுதி என்று எல்லோரும் ஒன்று கேட்பார்கள். வீட்டுக்காரரிடம் மூலத்தைக் காட்டி நிழற்பிரதியைக் கொடுத்தால் போதும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஆங்கில முதலெழுத்துகளோடு ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் வந்த ஒரு பெயர், மரணச் சான்றிதழில் கடைசி எழுத்து மாறிய இன்னொரு பெயர் என்று மூன்று ஆட்கள் போலத் தோன்றுவது நம்மிடையே சர்வசாதாரணம். அப்படியிருந்தால், இம்மூன்றும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் எந்த அலுவலகத்தில் ஏறினாலும் அது உதவும்.

அடுத்தது ஒப்பந்தம். நம்மூரில் பல வாடகை ஒப்பந்தங்கள் முத்திரை ஒட்டிய தாளில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டவை. நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தியவை அல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டு, “உங்கள் தாள் செல்லாது, ஆகவே காசும் இல்லை” என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியான வாதம் அன்று. குத்தகைக் காலம் பற்றிய வாசகம் பலனற்றுப் போகலாம். பணம் கைமாறியது என்பதற்கான சான்றாக அந்தத் தாள் தொடர்ந்தும் பயன்படும், வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமை அதனால் எவருக்கும் வந்துவிடாது. அதே தாளில், இறப்பு நேர்ந்தால் என்ன செய்வது, முற்பணத்தை எத்தனை நாட்களுக்குள் திருப்புவது, இடையில் வெளியேறினால் எவ்வளவு கழிப்பது என்ற வாசகங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தவணை குறித்த முறையான குத்தகை ஒருவரின் மரணத்தால் தானாக முறிவதில்லை; உரிமையும் கடப்பாடும் உரித்தாளர்களுக்கு மாறும். ஆகவே தவணையின் நடுவில் வெளியேறுவதாயின் அதையும் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். வங்கி வைப்புச் சீட்டு, கணக்கு அறிக்கை, வாடகைக் குறிப்புப் புத்தகம், வீட்டைப் பார்த்துக் கொடுத்த தரகர், பணம் கொடுத்தபோது உடனிருந்தவர் என்று சான்றுகள் எங்காவது இருக்கும். இவற்றைவிடப் பெரியது இறந்தவரின் கைத்தொலைபேசி. “அட்வான்ஸ் கிடைத்தது” என்ற ஒரு வட்ஸ்அப் செய்தி அதிலே கிடக்கலாம். மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. எனவே தொலைபேசியைத் துடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதையும், சிம் அட்டையை நிறுத்துவதையும் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள்.

பணம் உண்மையில் யாருடையது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இறந்தவரின் நிறுவனம் கொடுத்திருந்தால் அது நிறுவனத்துக்கே போகும். மாணவர்கள் சேர்ந்து எடுத்த வீடானால், மற்றவர்கள் தொடர்ந்து இருக்கும்வரை வீட்டுக்காரர் முழுத்தொகையையும் திருப்பப்போவதில்லை. அவருடைய பங்கை, அந்த இடத்துக்கு வரும் புதிய மாணவரிடமிருந்து வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுப்பதே நடைமுறையில் எளிது.

யார் கேட்கலாம்

விருப்பாவணம் எழுதாமல் இறந்தவரின் சொத்து எப்படிப் பிரியும் என்பது, இறந்தவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதைப் பொறுத்தது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களுக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்துகிறது: உயிருடன் இருக்கும் கணவன் அல்லது மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மறுபாதி சமமாக. பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்த மறுபாதி பெற்றோர், சகோதரர் பக்கம் போகும். “மனைவிக்கே எல்லாம்” என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் மட்டக்களப்பில் வாடகைக்கு இருந்து இறந்தால், வீடு கிழக்கில் இருக்கிறது என்பதற்காக அவருக்குக் கிழக்கின் சட்டம் வந்து ஒட்டிவிடாது. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இஸ்லாமிய வாரிசுரிமை பொருந்தும்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று, அதற்கு முன் நல்லடக்கச் செலவும் கடன்களும் தீர்க்கப்பட வேண்டும்.

இத்தனை கணக்கையும் வீட்டுக்காரர் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. நீங்கள் செய்யவேண்டியது, வளர்ந்த உரித்தாளர்கள் அனைவரும் சேர்ந்து ஒருவரை நியமித்து, “இவரிடம் கொடுத்தால் எங்கள் எல்லோரிடமும் கொடுத்ததாகும், வேறு எவரேனும் இதே பணத்தைக் கேட்டு வந்தால் பொறுப்பு எங்களுடையது” என்று எழுதிக் கையொப்பமிட்டு, கிராம உத்தியோகத்தரிடம் குடும்ப விபரத்தை உறுதிப்படுத்தி, சத்தியக் கடதாசியாக்கிக் கொடுப்பதே. இந்தப் பொறுப்பேற்பு வாசகம்தான் முழு வேலையின் அச்சாணி. வெளிநாட்டில் உள்ள பிள்ளை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்பலாம். இறந்தவர் உயிருடன் இருந்தபோது யாருக்காவது கொடுத்திருந்த அற்றோணித் தத்துவத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கொடுத்தவர் இறந்த கணமே அதன் வலு தீர்ந்துவிட்டது.

சில வீட்டுக்காரர்கள் சட்டத்தரணியின் சொற்படி இறந்தவரின் சொத்தைக் கையாள ஒருவருக்கு அதிகாரம் தரும் நீதிமன்றத்தின் நிர்வாகக் கடிதம் வேண்டும் என்பார்கள். இறந்தவரின் மொத்தச் சொத்து சட்டம் குறிக்கும் பெறுமதியைத் தாண்டினால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குத் தொடுத்து அந்தக் கடிதத்தைப் பெறாமல் சொத்தை மீட்க வழக்காட முடியாது என்பது உண்மை. அந்த வரம்பு காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வந்திருப்பதால், தற்போதைய தொகையை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். காணி, வாகனம், பெரிய வங்கிக் கணக்கு இருந்து அதற்காக எப்படியும் வழக்குப் போடுவதாயின், முற்பணத்தையும் சொத்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒரு வாடகை முற்பணத்துக்காக மட்டும் மரணசாதன வழக்குப் போடுவது, என் பார்வையில், எலியைப் பிடிக்க வீட்டை இடிப்பது போன்றது.

வீட்டைக் கையளித்தல்

திறப்பு உங்கள் கையில் இருக்கும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். இதை மறந்து, ஒரு கட்டிலும் இரண்டு பெட்டியும் உள்ளே கிடக்க வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் குடும்பங்கள், திரும்பி வரும்போது முற்பணம் வாடகையாகக் கரைந்திருக்கக் காண்கின்றன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகே வீட்டைத் தொடுவோம் என்பது பலருடைய வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் அந்த மாத வாடகைக்கு ஒப்புக்கொண்டு, வெளியேறும் திகதியை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். மாத வாடகைக்கு ஒரு மாத முன்னறிவித்தல் என்பதே பொதுவான அளவு.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களில் இன்னொரு நிலைமை வருகிறது. கணவனை இழந்த மனைவி நான்கு மாதமும் பத்து நாளும், கர்ப்பிணியாயின் பிரசவம் வரையிலும், இத்தா என்னும் காத்திருப்பில் இருப்பார். அதைக் கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே நிறைவேற்ற விரும்புவார். அவரை அங்கிருந்து எழுப்ப நல்ல மனமுள்ள வீட்டுக்காரர் எவரும் துணியமாட்டார். ஆனாலும் அந்த மாதங்களின் வாடகை தனியாகக் கட்டப்படுகிறதா, முற்பணத்தில் கழிகிறதா என்பதை முதல் வாரத்திலேயே குடும்பத்து ஆண் ஒருவர் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிக் கழிப்பதென்று முடிவானால், மாதாமாதம் எவ்வளவு கழிகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்ற குறிப்பில் இரு தரப்பும் கையொப்பமிடட்டும்.

கையளிக்கும் நாளில் வீட்டுக்காரரோ அவரது ஆளோ உடனிருக்க, ஒவ்வோர் அறையையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மின்மானியிலும் நீர்மானியிலும் உள்ள எண்களைத் தனித்தனியே படம் எடுத்து, கடைசிப் பட்டியலின் கணக்கிலக்கத்தோடு சேர்த்து வையுங்கள். எத்தனை திறப்புகள், எந்தெந்தக் கதவுக்கு, எந்தத் திகதியில், யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கியவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். வாடகை நின்ற நாளுக்கான சான்று அந்தத் தாள்தான்.

கழிவுகளைப் பற்றிப் பேச்சு எழுவது பெரும்பாலும் இங்கேதான். உடைந்த கண்ணாடி, கழன்ற நீர்க்குழாய், ஆணி அடித்துப் பெயர்ந்த சுவர் போன்றவற்றுக்குக் கழிப்பது நியாயம். வேலைக்காரரின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். காலத்தால் தேய்ந்தவை வேறு. கல்லடியிலும் நாவலடியிலும் கடற்காற்றில் கிறில் துருப்பிடிப்பதும், மார்கழி மழையில் சுவரடி ஊறிப் பூச்சு உரிவதும் குடியிருந்தவரின் குற்றம் அல்ல. சில வருடங்கள் ஆள் இருந்த வீட்டுக்கு முழுப் பெயின்ற் செலவையும் முற்பணத்திலிருந்து எடுப்பதை ஏற்க வேண்டியதில்லை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலன்றி.

சொல்லக் கூசும் இன்னொரு கழிவும் உண்டு. வீட்டுக்குள் உயிர் பிரிந்ததால், அதிலும் அது தற்கொலையாக இருந்தால், சாந்தி செய்ய வேண்டும், இனி எவரும் வாடகைக்கு வரமாட்டார்கள் என்று ஒரு தொகையை வைத்துக்கொள்வது. சாந்தி செய்வது வீட்டுக்காரரின் நம்பிக்கை. அதை மதிக்கலாம், விரும்பினால் குடும்பம் பங்களிக்கவும் செய்யலாம். ஆனால் மரணம் சேதம் அல்ல, அதற்கென முற்பணத்தில் கைவைக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. துக்கத்தில் இருக்கும் குடும்பம் வெட்கப்பட்டுப் பேசாமல் விட்டுவிடும் என்பதாலேயே இந்தக் கழிவு பல இடங்களில் நிலைத்திருக்கிறது.

கோரிக்கைக் கடிதம்

முதல் பேச்சு நேரிலோ தொலைபேசியிலோ நடக்கட்டும். ஊரில் இரு தரப்புக்கும் தெரிந்த பெரியவர் ஒருவர், கோயில் வண்ணக்கரோ பள்ளிவாசல் நிர்வாகத்தவரோ, உடனிருந்தால் பாதி வேலை அங்கேயே முடியும். அதன்பின், பேச்சு நல்லபடி முடிந்தாலும், ஒரு கடிதம் போக வேண்டும். கடிதம் குற்றஞ்சாட்டுவதாக இருக்கக் கூடாது. இப்படி எழுதலாம்:

“தங்களுக்குச் சொந்தமான மேற்படி முகவரியிலுள்ள வீட்டில் வாடகைக்கு இருந்த எனது கணவர் … ஆம் திகதி காலமானார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவர் … ஆம் திகதி தங்களிடம் முற்பணமாக ரூபாய் … கொடுத்திருந்தார். … ஆம் திகதி வரையான வாடகை செலுத்தப்பட்டுள்ளது. வீடும் திறப்புகளும் … ஆம் திகதி கையளிக்கப்பட்டன. மின்சார, நீர்க் கட்டணங்கள் செலுத்தப்பட்ட பற்றுச்சீட்டுகளை இணைத்துள்ளேன். உரித்தாளர் அனைவரும் பணத்தைப் பெற என்னை நியமித்துப் பொறுப்பேற்றுள்ள சத்தியக் கடதாசியும் மரணச் சான்றிதழின் பிரதியும் இத்துடன் உள்ளன. கழிவுகள் ஏதுமிருப்பின் விபரத்தையும் பட்டியல்களையும் தந்து, மீதித் தொகையை இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் எனது கணக்குக்குச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அவருக்கும் பணத்தை வாங்கியவருக்கும் தனித்தனியே அனுப்பி, வட்ஸ்அப்பிலும் படமாகப் போடுங்கள். 14 நாட்கள் கடந்தும் பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் சட்டத்தரணியின் பெயரில் போகட்டும். ஒரு சட்டத்தரணியின் கடிதத்தாளே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

தராவிட்டால்

காவல் நிலையத்துக்குப் போவதே பலருக்கு முதலில் தோன்றும் வழி. முற்பணத் தகராறு சிவில் விடயம் என்று சொல்லி அங்கே முறைப்பாட்டைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவதே வழக்கம். வீட்டுக்காரர் பூட்டை மாற்றினாலோ, இறந்தவரின் பொருட்களை எடுத்து வெளியே போட்டாலோ நிலைமை வேறு. அப்போது தாமதிக்காமல் முறைப்பாடு செய்யுங்கள். வீட்டிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நிவாரணம் தேடலாம். அதற்கு இரண்டு மாத எல்லை இருப்பதால் உடனே சட்டத்தரணியைக் காணுங்கள்.

பணத்துக்கான சரியான வாசல் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைக்கு, குறித்த பெறுமதிக்குட்பட்ட பணப் பிணக்குகளை முதலில் கொண்டுபோயே ஆகவேண்டும். வாடகை முற்பணங்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கும். செலவு இல்லை என்றே சொல்லலாம். சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். அமர்வுகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலை போன்ற பொது இடங்களில் நடக்கும். உங்கள் பகுதிக்குரிய சபை எது என்பதை மண்முனை வடக்கு, கல்முனை, ஆலையடிவேம்பு என உங்களுக்குரிய பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மத்தியஸ்தர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை, இணக்கம் காண முயல்வார்கள். அங்கே போகும்போது முழுத்தொகையையும் தவணையில் வாங்குவதா, சிறு கழிவை விட்டுக்கொடுத்து ஒரே தடவையில் வாங்குவதா என்பதைக் குடும்பத்துக்குள் முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்; தவணைகள் இரண்டாம் மாதத்திலேயே நொண்டத் தொடங்கும். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைத் தருவார்கள். அது இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.

அதன்பின் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உங்களுக்குரிய மாவட்ட நீதிமன்றம். வசதி குறைந்தவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். காலவரையறையை மறந்துவிடாதீர்கள்: 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்தின் அடிப்படையிலான வழக்குக்கு ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். ஒப்பந்தத் தாளின் வலு கேள்விக்குரியதாக இருந்தால் மூன்று வருடத்தையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வரும்போது

காசோலை இறந்தவரின் பெயரில் எழுதப்படக் கூடாது. மரணம் அறிவிக்கப்பட்டதும் வங்கி அவருடைய கணக்கை நிறுத்திவிடும் என்பதால், அந்தக் காசோலையை மாற்ற வழியில்லாமல் மீண்டும் வீட்டுக்காரரின் வாசலில் நிற்க நேரிடும். நியமிக்கப்பட்டவரின் பெயரில் காசோலை அல்லது நேரடி வங்கி மாற்றமே நல்லது. கையில் காசாகத் தந்தால் எண்ணி வாங்கி, முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு ஒன்றை இரு பிரதிகளாக எழுதுங்கள்: மொத்த முற்பணம், ஒவ்வொரு கழிவும் அதன் காரணமும், கொடுக்கப்பட்ட மீதி, “இத்துடன் இரு தரப்புக்கும் இவ்வாடகை தொடர்பில் வேறு கோரிக்கை இல்லை” என்ற வரி. ஒரு பகுதி மட்டுமே கிடைத்திருந்தால் அந்தக் கடைசி வரியை எழுதாமல், “பகுதித் தொகையாக” என்று குறித்து வாங்குங்கள். பின்னர் உரித்தாளர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைப் பெற்றதாக ஒரு தாளில் ஒப்பமிடட்டும். வயது வராத பிள்ளையின் பங்கை அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சிறுவர் சேமிப்புக் கணக்கொன்றில் வைப்பிட்டு, வைப்புச் சீட்டை அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள்.